கல்லின் முதுகு

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. எவ்வளவு உயர்ந்த கல் வந்தாலும், எவ்வளவு பெரிய மனிதர் கொண்டுவந்தாலும், அதை வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்துப் போட்டு, அடிப்புறத்தைப் பார்த்த பிறகே வாயைத் திறப்பார்கள். கல்லின் முகம் பிறர் பார்ப்பதற்கென்றே தீட்டப்படுவது. அதற்கு நடிக்கத் தெரியும். முதுகுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. விரிசல், ஒட்டு, சாயம் ஏற்றிய தடம் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். "முதுகைப் பாக்காம முகத்துக்கு விலை சொல்லாதே" என்பது அங்கே வேலை செய்யும் அனைவருக்கும் மனப்பாடம். வாடகைக்கு வீடு பார்க்கப் போன தொழிலாளி ஒருவர், பழக்கதோஷத்தில் "முதல்ல கொல்லைப்புறத்தைக் காட்டுங்க" என்று கேட்டுத் திருடன் என்று துரத்தப்பட்டதாக ஒரு பேச்சும் உண்டு.

கற்களைக் கவிழ்த்துப் பார்க்கும் பொறுப்பு முதலாளியின் தங்கையிடம் இருந்தது. அவளுக்கு நாற்பத்தாறு வயது. வடக்கு ஜன்னலோரம் அவளுடைய மேசை. வலது கண்ணில் பூதக்கண்ணாடியைச் சொருகிச் சொருகி, அந்தப் பக்கத்துப் புருவம் மற்றதைவிடச் சற்றே உயர்ந்து நிலைத்துவிட்டது. அதனால் யார் எதைச் சொன்னாலும் அவள் நம்பாதவள் போலத் தோன்றுவாள். உண்மையில் அவளைப் போல எளிதில் நம்புகிறவளும் எளிதில் பயப்படுகிறவளும் அந்தத் தெருவில் வேறு ஒருவரும் இல்லை என்றே சொல்லவேண்டும். கல்லிடம் மட்டும்தான் அவள் கறார். மனிதர்களிடம் வாய் திறப்பதற்குள் பொழுது போய்விடும்.

அவளுடைய அண்ணனைப் பற்றியும் நியாயமாகச் சொல்லவேண்டும். அவர் கெட்டவர் அல்லர். நல்ல கல்லைக் கண்டால் கண் கலங்குகிற மனிதர். ஒரு காலத்தில் அபூர்வமான கல் ஏதாவது வந்தால் அதை உள்ளங்கையில் ஏந்தி ஜன்னலுக்கு ஓடி வருவார். அண்ணனும் தங்கையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார்கள். "என்ன அழகு!" என்பார் அவர், கோயிலுக்குள் பேசுகிற குரலில். விலை, வாங்குகிறவர், இலாபம் எல்லாம் பிறகுதான் நினைவுக்கு வரும்.

சில வருடங்களாக அந்த ஓட்டம் நின்றுபோயிருந்தது. வியாபாரம் பெருகியது. கடைக்குப் பின்னால் இருந்த காலி முற்றத்தையும் சேர்த்து, பின் தெருவுக்கு வாசல் வைத்து, புதிய கூடம் ஒன்று எழும்பியது. கூடத்தின் உட்புறச் சுவர் முழுவதும் வெள்ளைப் பளிங்கு. அதன் வழவழப்பில் ஆள் முழுசாகத் தெரிவார். அண்ணன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொள்வார். கல்லைப் பார்த்த கண் இப்போது தன்னைப் பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டது என்று தங்கைக்குத் தோன்றியதுண்டு. தோன்றியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கூடத்தின் திறப்பு விழாவுக்கு எட்டு நாள் இருக்கையில், அவர் ஒரு வாழ்த்து அட்டையோடு அவளுடைய மேசைக்கு வந்தார். வெளிநாட்டு வியாபாரி ஒருவர் அனுப்பியது.

"இதைப் படி. சும்மா படி."

அட்டையில் பொன்னெழுத்தில் நான்கைந்து வரிகள். முழுமைக்கு முத்திரை வைத்தவன் நீ, அழகுக்கு எல்லை நீ, மணிகள் அத்தனையும் உன் மேலாடை என்ற பொருளில் போயிற்று. அதன் கீழே ஒன்பது கற்களின் பெயர்கள்.

"யார் எழுதினது அண்ணா?"

"யாரோ எபிரேயத் தீர்க்கதரிசியாம். ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஆளு. அப்பவே நம்ம கடையைப் பத்தி எழுதி வெச்சுட்டுப் போயிருக்கான் பாரு! பளிங்குல நடுப்பலகையில வெட்டச் சொல்லிட்டேன். எழுத்துக்குக் கீழ அந்த ஒன்பது கல்லையும் பதிக்கணும். பொறுக்கி எடுக்க வேண்டியது நீ."

"சரி அண்ணா" என்றாள் அவள். அவளுக்கு அண்ணனிடம் சொல்லத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

அந்தப் பளிங்குச் சுவருக்கு மறுபக்கம் மெருகுப் பட்டறை இருந்தது. நான்கு பேர் சாணைச் சக்கரத்தின் முன் குனிந்திருக்கும் நீளமான அறை. முற்றத்தைப் பார்த்து அதற்கு இருந்த ஒரே ஜன்னலும், தூசியை வெளியே தள்ள ஜன்னலில் இருந்த காற்றாடியும், சுவர் எழும்பியபோது அடைபட்டுப் போயின. "திறப்பு முடியட்டும், வேற வழி பண்றேன்" என்று அண்ணன் சொல்லியிருந்தார். அது நடந்து இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் தங்கை பட்டறைக்குள் ஒருமுறைகூடக் கால் வைக்கவில்லை. தீட்டிய கற்கள் தட்டில் வந்துகொண்டிருந்தன. தட்டோடு இருமல் சத்தமும் வந்துகொண்டிருந்தது. போனால் பார்க்க நேரிடும், பார்த்தால் சொல்ல நேரிடும் என்று அவள் போகாமலே இருந்தாள்.

ஒன்பதில் ஆறு கற்களை அரை நாளில் எடுத்துவிட்டாள். மூன்று பெயர்கள் பிடிபடவில்லை. பழங்காலத்துப் பெயர்கள் அப்படித்தான். பெயர் ஒரு கல்லை விட்டு இன்னொரு கல்லுக்குக் குடிபெயர்ந்துவிடும். யாரைக் கேட்பது என்று அவள் நான்கு நாளாகத் தவித்துக்கொண்டிருந்தபோது, வழி தானாகவே விரலை நீட்டிக்கொண்டு கடைக்குள் வந்தது.

வந்தவர் கல்லூரியில் எபிரேய மொழி கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. மோதிரம் வீங்கிய விரலில் இறுகிக் கழற்ற முடியாமல் போய்விட்டது.

"வெட்டி எடுத்துடுங்கம்மா. கல்யாணத்தப்போ லொடலொடன்னு இருந்தது, தொலைஞ்சுடுமோன்னு பயந்தேன். இப்போ விட்டுத் தொலைய மாட்டேங்குது. கட்டின மனுஷன் மாதிரியேதான்."

தங்கை சிரித்துவிட்டாள். சிரித்த தைரியத்தில், மோதிரத்தை வெட்டி எடுத்த பிறகு அட்டையையும் நீட்டினாள்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. இதுல மூணு கல் எதுன்னு தெரியலை. நீங்க சொன்னா உதவியா இருக்கும்."

ஆசிரியை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"இது எங்க போடப் போறீங்க?"

"புதுக் கூடத்துச் சுவர்ல. பளிங்குல வெட்டிக்கிட்டிருக்காங்க."

"இதுக்கு மேல கீழ என்ன இருக்குன்னு யாராவது படிச்சீங்களா?"

"அட்டையில இவ்வளவுதான் இருந்தது."

"கல்லையும் இப்படித்தான் வாங்குவீங்களா?"

தங்கைக்குக் காது சிவந்தது. அந்த ஆசிரியை கடை வழக்கத்தை அறிந்து கேட்கவில்லை. ஆனாலும் சரியான இடத்தில் குத்தியது. தான் பார்த்தது முகத்தை மட்டும். முதுகைத் திருப்பவேயில்லை.

"சொல்லுங்க டீச்சர். முழுசும் சொல்லுங்க."

ஆசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கடலுக்கு நடுவே பாறைமேல் ஒரு துறைமுகப் பட்டணம் இருந்தது என்றார். உலகத்தில் அழகாக எது செய்யப்பட்டாலும் அந்தத் துறையில் ஒருநாள் இறங்கித்தான் போகும். அந்தத் தீர்க்கதரிசி, சொந்த ஊரிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டு எங்கோ தொலைதூரத்தில் அகதியாக உட்கார்ந்திருந்தவர். அங்கே இருந்துகொண்டு அந்தப் பட்டணத்தை ஒரு கப்பலாகப் பாடினார். இன்ன மரத்தில் அடித்தளம், இன்ன மரத்தில் பாய்மரம், தந்தம் பதித்த தளம், பூவேலை செய்த பாய். ஏற்றிய சரக்கை ஒன்றுவிடாமல் சொன்னார். வெள்ளி, ஈயம், குதிரை, கருங்காலி, பவளம், தேன், வாசனைப் பட்டை. அவ்வளவு பாரத்தோடும் அந்தக் கப்பல் நடுக்கடலுக்குப் போய், கீழ்க்காற்றில் உடைந்து மூழ்குகிறது.

"அதுக்கப்புறம் அந்தப் பட்டணத்து ராஜாவுக்குத் தனியா ஒண்ணு பாடுறார். உங்க அட்டையில இருக்கிறது அதோட ஆரம்பம். இது வாழ்த்து இல்லைம்மா, ஒப்பாரி."

"ஒப்பாரியா!"

"ஒப்பாரின்னா வேற எப்படி ஆரம்பிப்பாங்க? செத்தவரோட பெருமையில இருந்துதானே? ராஜா மாதிரி இருந்தியே, தேர் மாதிரி வந்தியேன்னு. அப்புறம்தானே நெஞ்சில அடிச்சுக்கறது."

"அப்போ அந்த ராஜா..."

"சாகலை. சிம்மாசனத்துல சௌக்கியமா உக்காந்திருந்தார். உயிரோட இருக்கிறவனுக்குத்தான் பாடினது."

ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டு, அந்த மொழியிலேயே சொல்லத் தொடங்கினார். ஒரு சொல்லும் அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் அதன் நடை விளங்கியது. முதல் பாதி நிமிர்ந்து வரும், பின் பாதி ஓர் அடி குறைந்து தாழும். மறுபடியும் நிமிரும், மறுபடியும் தாழும். சுமை தூக்கியவர்கள் மெதுவாக நடப்பது போல. பிறகு கற்களின் பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். இடுக்கியால் ஒரு கல்லை எடுத்துத் தாளில் வைத்து, அடுத்ததை எடுப்பதற்கு முன் விடுகிற அந்தச் சிறிய இடைவெளி அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு அப்பால் ஒருவர் அதே இடைவெளியை விட்டுக் கல்லை அடுக்குகிறார்!

"டீச்சர், இவர் கல் தெரிஞ்சவர்" என்றாள் அவள், மெல்ல.

"எப்படிச் சொல்றீங்க?"

"வெறுக்கிறவன் 'நகை நட்டு'ன்னு ஒரே வார்த்தையில துப்பிட்டுப் போயிடுவான். இவருக்கு எல்லாத்தோட பேரும் தெரியுது. பிடிச்சிருந்தாத்தான் இப்படிச் சொல்ல வரும்."

ஆசிரியை அவளை உற்றுப் பார்த்தார். "முப்பது வருஷம் வகுப்பு எடுத்தேன். ஒருத்தரும் இதைச் சொன்னதில்லை. ஆமாம்மா. அழகு பொய்யின்னு அவர் சொல்லவே இல்லை. அந்த ராஜாவை நெருப்புக் கல்லுங்களுக்கு நடுவுல, கடவுளே தன்னோட மலை மேல நடக்க விட்டிருந்தார்னு சொல்றார். அவ்வளவு அழகு. அதைப் பாத்துப் பாத்தே அவன் மனசு தடிச்சுப் போச்சு. யாவாரம் பெருகப் பெருக உள்ளுக்குள்ள கொடுமை ரொம்பிப் போச்சு. கடைசியில தீ எங்கிருந்து வருது தெரியுமா? வெளியில இருந்து இல்லை. அவனுக்கு உள்ளே இருந்தே."

கூடத்தில் எழுத்து வெட்டுகிறவரின் உளிச் சத்தம் டக் டக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு சொல்லாம விட்டுட்டேன்" என்றார் ஆசிரியை. "அந்தச் சரக்குப் பட்டியல். குதிரை, தந்தம்னு போகுதே, அதுல ஒரு இடத்துல, வெண்கலப் பாத்திரத்துக்குப் பக்கத்துல மனுஷ உயிரும் இருக்கு. அந்த இடத்துல குரலை உசத்தக்கூட இல்லை அவர். இன்னொரு சரக்கு மாதிரி சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடுறார்."

பட்டறைப் பக்கமிருந்து ஓர் இருமல் கேட்டது. அது முடிவதற்கு நெடுநேரம் ஆயிற்று.

மூன்று கற்கள் எவை என்று கேட்க மறந்தே போனாள். ஆசிரியை எழுந்து போனதும் பட்டறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

ஒற்றை விளக்கு. அந்த வெளிச்சமும் சாம்பல் பூசியது போல மங்கலாக இருந்தது. நான்கு பேரின் தலைமுடியும் புருவமும் ஒரே நரையாகத் தெரிந்தன. அதில் இருவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. பளிங்குச் சுவரின் மறுபக்கம் பூச்சுக்கூட இல்லாத செங்கல். ஜன்னல் சட்டம் செங்கலுக்குள் பாதி புதைந்திருந்தது. காற்றாடியின் இறக்கைகள் சிமெண்டில் மாட்டி நின்றிருந்தன. அதில் யாரோ சட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"அடேயப்பா, கண்ணாடிம்மா!" என்றார் தலைமை மெருகுக்காரர். முப்பது வருடமாக அங்கே இருப்பவர். அவள் பூதக்கண்ணாடியை வைத்து அவர் சூட்டிய செல்லப்பெயர் அது. "வழி தெரிஞ்சுதா? நாங்க எல்லாம் உயிரோடதான் இருக்கோமான்னு எண்ணிப் பாக்க வந்தியா?"

"மாமா, இந்தத் தூசி..."

"முன்னாடி தூசி வெளியே போகும், நாங்க உள்ளே இருப்போம். இப்போ எல்லாரும் ஒண்ணாவே இருக்கோம். கூட்டுக் குடும்பம்." சிரிக்கப் போய் இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். துணியால் வாயைத் துடைத்து, அதை விளக்குக்கு நேரே காட்டினார். "பாத்தியா, மினுங்குது. காலைல துப்பினாலும் மினுங்குது. உள்ளுக்குள்ள நான் நவரத்தினம் ஆயிட்டு வர்றேன் கண்ணாடிம்மா. செத்ததுக்கு அப்புறம் உங்கண்ணனை வந்து கவிழ்த்துப் பாக்கச் சொல்லு."

அவள் அந்தத் துணியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

அண்ணன் கூடத்தில் இருந்தார். எழுத்து வெட்டுகிறவர் வேலையை முடித்துவிட்டு ஈரத் துணியால் பளிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுத்துகளில் அப்போதுதான் பொன் ஏற்றியிருந்தது. மேற்கு வாசலின் கண்ணாடி வழியே வந்த வெயிலில் அவை எரிந்தன. பார்க்கப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"கல் ஒன்பதும் ரெடியா?" என்றார் அண்ணன்.

"அண்ணா, இது ஒப்பாரிப் பாட்டு."

"எது?"

"இது. உயிரோட இருந்த ராஜாவுக்குப் பாடின ஒப்பாரி. நாம மொத நாலு வரியை மட்டும் எடுத்து வெட்டியிருக்கோம்."

அண்ணன் அவளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், எழுத்து வெட்டுகிறவரைப் பார்த்தார். "நான் கொடுத்ததை வெட்டினேன் முதலாளி. சாவு வீடா கல்யாண வீடான்னு கேக்குறது என் வேலை இல்லை" என்று அவர் ஒதுங்கிக்கொண்டார்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அண்ணன். "மீதிப் பாட்டு யாருக்குத் தெரியும்? வர்றவன் கல்லைப் பாப்பானா, பழைய புஸ்தகத்தைப் புரட்டுவானா?"

"எனக்குத் தெரியும் அண்ணா."

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. அண்ணனும் திடுக்கிட்டார். நாற்பத்தாறு வருடத்தில் அவள் 'சரி' என்று சொல்லாத முதல் பதில்.

"அப்படி என்னதான் சொல்லியிருக்கு? சொல்லு கேப்போம்."

அவள் சொன்னாள். கப்பலைச் சொன்னாள், சரக்கைச் சொன்னாள், வெண்கலப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்ததைச் சொன்னாள். மலையையும், நெருப்புக் கற்களுக்கு நடுவே நடந்தவனையும், அவன் உள்ளிருந்தே கிளம்பிய தீயையும் சொன்னாள். ஆசிரியையின் நடை அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து, தாழ்ந்து, நிமிர்ந்து, தாழ்ந்து. எழுத்து வெட்டுகிறவர் துடைப்பதை நிறுத்தியிருந்தார். அண்ணன் பளிங்கில் தெரிந்த தன் உருவத்தைப் பார்த்தபடி நின்றார். அவருடைய மார்புக்கு நேராகப் பொன்னெழுத்து ஓடிற்று. அவர் கை காலருக்குப் போய், பாதியில் நின்றுவிட்டது.

"என்னை என்ன பண்ணச் சொல்றே? நாலு நாள்ல திறப்பு. ஊரையே கூப்பிட்டிருக்கேன்."

"நான் ஒண்ணும் பண்ணச் சொல்லலை. கவிழ்த்துப் பாருங்க அண்ணா. நம்ம கடை வழக்கம்தானே?"

"சுவரை எப்படிக் கவிழ்க்கிறதாம்?"

"கவிழ்க்க வேண்டாம். சுத்தி வந்தாப் போதும்."

அவர் வந்தார். கோபத்தோடுதான் வந்தார். பட்டறை வாசலில் அவருடைய கோபத்துக்குப் புரையேறியது. உள்ளே ஐந்து நிமிடம் நின்றார். செங்கல்லைத் தொட்டார். காற்றாடியில் தொங்கிய சட்டையை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"வாங்க முதலாளி" என்றார் மெருகுக்காரர். "உக்கார இடமில்லை. நின்னுக்கிட்டே இருமலாம்."

அண்ணன் சிரிக்கவில்லை. வெளியே தலையை நீட்டி எழுத்து வெட்டுகிறவரைக் கூப்பிட்டார்.

"அந்த நடுப்பலகையை எடு."

"பொன் ஏத்தினது முதலாளி. இன்னும் காயக்கூட இல்லை."

"எடுன்னு சொன்னேன்."

அது மனமாற்றமா, ஊர் சிரிக்குமே என்ற கூச்சமா என்று தங்கைக்கு அப்போது தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

பலகையைப் பெயர்க்க இருவர் போதவில்லை. சாணையை நிறுத்திவிட்டு நால்வரும் வந்து கை கொடுத்தார்கள். பலகை இறங்கியது. பின்னால் இருந்த செங்கல்லைக் கடப்பாரையால் நெம்பினார்கள். முதல் கல் உள்பக்கமாக விழுந்தது. பிறகு நாலைந்து சேர்ந்தாற்போல விழுந்தன.

மாலை வெயில் கூடத்தைக் கடந்து, அந்த ஓட்டை வழியாகப் பட்டறைக்குள் பாய்ந்தது.

அறை முழுவதும் எரிந்தது. இரண்டு மாதமாக வெளியே போக வழியில்லாமல் தங்கிப்போன தூசி அத்தனையும் வெயிலில் எழுந்து நின்றது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், பெயரே இல்லாத நிறங்கள். கோடானுகோடிப் புள்ளிகள் மெதுவாகச் சுழன்று சுழன்று மின்னின. அந்தக் கடைக்கு இதுவரை வந்த எந்தக் கல்லுக்குள்ளும் அப்படியொரு ஒளியை அவள் கண்டதில்லை. நெருப்புக் கற்களுக்கு நடுவே நடப்பது என்றால் இதுதான் போலும் என்று நினைத்தாள். அவளையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் அண்ணனும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார், அந்தக் காலத்தில் ஜன்னலோரம் நின்றது போலவே.

"என்ன அழகு!" என்றார் அவர், அதே பழைய குரலில்.

அப்போது மெருகுக்காரர் மூச்சு வாங்கினார். அவர் வாய்க்கு அருகே மினுமினுப்பு ஒரு சுழியாகத் திரண்டு உள்ளே போயிற்று. கொஞ்சம் வெளியே வந்தது. போன அளவு வரவில்லை.

அண்ணன் அதைப் பார்த்தார். கையில் இருந்த சட்டையை அவசரமாகத் தம் மூக்கில் வைத்துப் பொத்திக்கொண்டார். பிறகு சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தார். அவர்களில் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. அந்த நினைப்பே அவர்களுக்கு வரவில்லை. அவர் மெல்லச் சட்டையை இறக்கினார். அவர்களோடு சேர்ந்து ஒரு மூச்சு இழுத்தார். இருமினார்.

கூடத்தில் கழற்றிய பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் முகம் சுவரைப் பார்த்திருந்தது. வெளியே தெரிந்த முதுகு சொரசொரவென்று, சிமெண்டு அப்பி, எழுத்தில்லாமல் இருந்தது. அண்ணன் அதன் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, நல்ல கல்லைத் தடவுவது போல விரலால் தடவிப் பார்த்தார்.

"முதலாளி," என்றார் எழுத்து வெட்டுகிறவர், "இந்த ஓட்டை போதும்ல? சுத்தி அலங்காரமா ஒரு சட்டம் போட்டுடலாம். திறப்புக்குள்ள முடிச்சுடுவேன்."

"அதுலதான் காத்து போகுமா? அந்தப் பக்கத் தூசி இந்தப் பக்கம் வரும், அவ்வளவுதான்" என்றார் அண்ணன், எழுந்திருக்காமலே. பிறகு தங்கையைத் திரும்பிப் பார்த்தார். "முற்றம் இருந்தப்போ எவ்வளவு அகலம்?"

"கூடத்துல பாதி அண்ணா. இந்தச் சுவர்ல இருந்து நடு வரைக்கும்."

அவர் பளிங்குச் சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். அதில் அவருடைய உருவம் நடுவில் ஓட்டையோடு நின்றது. வெகுநேரம் பார்த்தார்.

"அடுத்த பலகையை எடு" என்றார்.